மாமனின் நோய் மருமகனுக்கு

நடுவயதில் தொடைகள் தளர்ந்து மாடிப்படி ஏற இயலாது போகிறது. கைகள் நடுங்குகின்றன, உதடும் நாவும் தாமாகவே துடிக்கின்றன. காலப்போக்கில் உணவை விழுங்குவதும் கடினமாகிறது. இத்தகைய ஆடவரைக் கொடிய இயக்க நரம்பணு நோய்க்கு ஆளானவர் எனக் கருதி, "இன்னும் சில ஆண்டுகளே" என்று குடும்பத்தாரிடம் உரைத்துவிடுவதுண்டு. அவருடைய தாய்மாமனுக்கும் இவ்வாறு இருந்ததா என்று வினவுவோர் மிகச் சிலரே.

வினவியே ஆகவேண்டும். 1968இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் கென்னடியும் உடன் ஆய்ந்தோரும் தனியே பிரித்து விளக்கிய நோயாக அது இருக்கலாம். கென்னடி நோய் என்றே அதற்குப் பெயர். அதன் மூலம் 1991இல் வெளிப்பட்டது. எக்ஸ் குரோமோசோமில், ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்திற்குரிய மரபணுவில், சி.ஏ.ஜி. என்னும் மூவெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோரிடமும் இது உண்டு. ஏறத்தாழ 35 முறைக்குள் நின்றுவிடும். 38 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் தோன்றுகிறது. ஒவ்வொரு மூவெழுத்தும் புரதத்தில் ஒரு குளூட்டமினைச் சேர்ப்பதால் அது மிகையாக நீள்கிறது. நீண்ட அப்புரதம் ஆண் ஹார்மோனுடன் இணைந்ததும் நரம்பணுவின் உட்கருவினுள் புகுந்து, உருக்குலைந்து திரள்கிறது. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள இயக்க நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன.

பெண்களிடம் அந்த ஹார்மோன் மிகக் குறைவு. ஆதலால் குறையுள்ள மரபணுவைச் சுமக்கும் பெண் பெரும்பாலும் நலமாகவே இருப்பாள். தசைப்பிடிப்பு போன்ற சிறு தொல்லைகள் சிலருக்கு உண்டு. ஆயினும் அவளுடைய ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோயுற்ற தந்தையிடமிருந்து மகன்களுக்கு இது செல்லாது. மகள்கள் அனைவரும் சுமப்பர். சொந்தத்தில் மணம் முடித்ததே காரணம் என்று பெரியோர் வருந்துவது இந்நோயைப் பொறுத்தவரை பொருந்தாது. தாயிடமிருந்து வரும் ஒரு பிரதியே போதுமானது.

இயக்க நரம்பணு நோயில் மிகக் கொடியதான ஏ.எல்.எஸ்.ஸிலும் இத்தகைய மிகைப்பெருக்கம் உண்டென 2011இல் அறியப்பட்டது. சி9ஓஆர்எஃப்72 என்னும் மரபணுவில் ஆறெழுத்துத் தொடர் நூற்றுக்கணக்கில், சிலரிடம் ஆயிரக்கணக்கில் பெருகிவிடுகிறது. ஐரோப்பிய வம்சத்தாரிடம் மிகுதியாகவும் ஆசியரிடம் அரிதாகவும் காணப்படும் இது, இருபாலாரையும் தாக்கும்.

கென்னடி நோயோ மெதுவாக நகர்வது. பலர் ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கின்றனர். ஆடவரின் மார்பகம் சற்றுப் பெருத்திருப்பது ஓர் அடையாளம். இரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும். ஆண் ஹார்மோனைக் குறைக்கும் லூப்ரோரெலின் என்னும் ஊசிமருந்துக்கு இந்நோய்க்கென ஜப்பான் 2017இல் அனுமதி வழங்கியது.