கழுத்துத் தமனியில் ஸ்டென்ட்

மூளைக்குச் செல்லும் ரத்தத்தின் பெரும்பகுதி, கழுத்தின் இருபுறமும் ஏறும் கரோட்டிட் தமனிகள் வழியாகவே போகிறது. தாடைக்குக் கீழே அவை இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்புப் படிந்து உள்வழி சுருங்குவதுண்டு. அந்தப் படிவிலிருந்து பெயரும் துணுக்கோ ரத்தக் கட்டியோ மேலே போய் அடைத்தால் பக்கவாதம்.

கழுத்தைத் திறந்து படிவை அகற்றுவது 1950களிலிருந்து இருக்கும் முறை. ஸ்டென்ட் முறையில் கழுத்தில் கத்தி படுவதில்லை. தொடை இடுக்குத் தமனியில் ஊசி குத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய குழாயைக் கழுத்துவரை செலுத்துகிறார்கள். பெரும்பாலும் முதலில் போவது, அடைப்பைத் தாண்டிக் குடைபோல் விரியும் வடிகட்டி. சிதறும் துணுக்குகள் அதில் சிக்கும். பிறகு தானாக விரியும் உலோக வலைக்குழாயான ஸ்டென்டைப் பொருத்தி, பலூனால் அகட்டி, வடிகட்டியைச் சுருக்கி வெளியே எடுப்பார்கள். பலூன் விரியும்போது நாடித்துடிப்பு சட்டென்று குறையலாம். ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அங்கேதான் இருக்கின்றன. அட்ரோபின் மருந்து கையருகே இருப்பது அதனால்தான்.

எது மேல்? 2010இல் வெளியான 'கிரெஸ்ட்' ஆய்வில் 2,502 பேர் பங்கேற்றனர். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பக்கவாதமும், அறுவை செய்துகொண்டவர்களுக்கு மாரடைப்பும் கூடுதலாக வந்தன. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே கூடுதல் பலன் தந்தது.

மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் கதை வேறு. 2011இன் 'சாம்பிரிஸ்' ஆய்வில், 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது ஸ்டென்ட் தரப்பில் 14.7 சதவீதம்; தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5.8. ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அங்கே முதல் சிகிச்சை இன்றும் மருந்துதான்.