நான்காம் ஆண்டு: லாபமா, நஷ்டமா?

ஹானர்ஸ் படிப்பை ஓராண்டு நீட்டிக்கலாமா என்று யோசிக்கும் தில்லி மாணவர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள்

ஆறாவது செமஸ்டர் தேர்வு முடிந்ததும் பெட்டி கட்டுவதுதான் தில்லி பல்கலைக்கழக மாணவர்களின் வழக்கம். இப்போது அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: இன்னும் ஓராண்டு இருப்பதா, கிளம்புவதா? 2022-ல் நான்காண்டு இளங்கலையில் சேர்ந்த முதல் அணி 2025-ல் இந்தக் கேள்வியைச் சந்தித்தது.

தில்லிக்கு இந்தப் பரிசோதனை புதிதல்ல. 2013-ல் இதேபோன்ற நான்காண்டுத் திட்டம் அறிமுகமாகி, கடும் எதிர்ப்புக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழுவின் உத்தரவால் 2014 ஜூனில் கைவிடப்பட்டது. அன்று ஹானர்ஸ் பட்டம் வேண்டுமென்றால் நான்கு ஆண்டுகள் படித்தாக வேண்டும். இன்று அப்படியல்ல, மூன்றாண்டில் 132 கிரெடிட் பெற்று வெளியேறினாலும் தில்லியில் ஹானர்ஸ் பட்டம் உண்டு. ஆகவே அந்தப் பெயருக்காக மட்டும் யாரும் தங்க வேண்டியதில்லை.

அப்படியானால் கூடுதலாகக் கிடைப்பது என்ன? நான்காம் ஆண்டின் 44 கிரெடிட்டில் 12, ஆய்வேடு அல்லது கல்விசார் திட்டப்பணி அல்லது தொழில்முனைவுப் பணிக்கு. மீதி வழக்கமான வகுப்புகள். விஷயம் அந்த 12 கிரெடிட்டில்தான் இருக்கிறது. ஒரு கேள்வியைத் தானே தேர்ந்தெடுத்து, படித்து, எழுதி, பிறர் முன் வாதாட இளங்கலை மாணவனுக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1928-ல் மாணவராக இருக்கும்போதே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். அந்த வயதில் ஆய்வு முடியாத காரியம் அல்ல.

ஆனால் ஆசை வேறு, கணக்கு வேறு. முதுகலைதான் இலக்கு என்றால் மூன்றும் இரண்டும் ஐந்து; நான்கும் ஒன்றும் ஐந்துதான். அதுவும், சேர விரும்பும் பல்கலைக்கழகத்தில், எடுக்க விரும்பும் பாடத்தில் ஓராண்டு முதுகலை இருந்தால் மட்டுமே. இல்லாவிட்டால் நான்கும் இரண்டும் ஆறாகிவிடும். சிவில் சர்வீஸ் தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ மூன்றாண்டுப் பட்டமே போதும். அங்கே நான்காம் ஆண்டுக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

உண்மையான லாபம் ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்குத்தான். 2022-ன் பிஎச்.டி. விதிகளின்படி, நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். 2024 முதல் நெட் தேர்வும் எழுதலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு. வெளிநாட்டு மேற்படிப்பை நினைப்பவர்களுக்கும், குறிப்பாக அமெரிக்காவில் நான்காண்டு இளங்கலையை எதிர்பார்க்கும் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும், இது கைகொடுக்கும். அறுபது சதவீதத்தில் நிற்கும் மாணவருக்கோ அந்த பிஎச்.டி. வாசல் திறக்காது, முதுகலை வழியாகத்தான் போக வேண்டும்.

மதிப்பெண் இருந்தாலும் வழிகாட்டி வேண்டுமே! ஆசிரியர் பற்றாக்குறை, வகுப்பறை நெருக்கடி, ஆய்வகப் போதாமை என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து புகார் எழுப்பி வருகின்றன. ஒரே ஆசிரியரின் தலையில் ஏராளமான ஆய்வேடுகள் விழுந்தால், ஆய்வு என்பது பழைய கட்டுரைகளை வெட்டி ஒட்டும் வேலையாகிவிடும். ஐந்தாவது செமஸ்டரிலேயே துறைக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது: யார் வழிகாட்டுவார், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், மாதத்துக்கு எத்தனை முறை சந்திப்பார்?

கடைசியாக வீட்டுக் கணக்கு. கல்லூரி விடுதிகளில் இடம் குறைவு. வெளியூர் மாணவர்கள் பலருக்கு விஜய் நகரிலோ சத்ய நிகேதனிலோ வாடகை அறைதான் கதி. அவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தைவிட வாடகையும் சாப்பாடும்தான் கடிக்கின்றன. அதோடு வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் ஓராண்டுச் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தம்பியின் படிப்போ அக்காவின் கல்யாணமோ காத்திருக்கும் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல.

மனதில் ஓர் ஆய்வுக் கேள்வி, நேரம் ஒதுக்கும் வழிகாட்டி, 75 சதவீதத்தைத் தாண்டிய மதிப்பெண் இந்த மூன்றும் இருக்கிறவர் தயங்காமல் தங்கலாம். நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவோ, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதற்காகவோ தங்குபவருக்கு, அதே குழப்பம் ஓராண்டு கழித்தும் மிஞ்சும். வயது ஒன்று கூடியிருக்கும்.