கிரேக்கக் கோழி சமைக்கலாம், கணவரையும் அழைத்து வாருங்கள்

"டாக்டரம்மா, இதைச் சாப்பிட்டா பிள்ளை தங்குமா?" காயல்பட்டினத்துப் பெண்கள் கைபேசியில் கிரேக்கக் கோழி சமையல் குறிப்பைக் காட்டிக் கேட்கிறார்கள். பக்கத்தில் உம்மா இருப்பார். கணவர் துபாயிலோ ஹாங்காங்கிலோ இருப்பார். கல்யாணமாகி ஐந்தாறு வருடம் ஓடியிருக்கும். பையில் லேகிய டப்பா இருக்கும், ஒரு பரிசோதனைச் சீட்டு இருக்காது.

தட்டில் என்ன வைக்கலாம்

காய்கறி, பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்தியதரைக்கடல் உணவு இதயத்துக்கு நல்லதென்று பெயர் பெற்றது. கருத்தரிக்கவும் உதவலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. 'உதவலாம்' என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

அரைக் கிலோ தோலுரித்த கோழியில் கெட்டித் தயிர், எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, மிளகு, உப்பு பிசறி ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவிடுங்கள். ஆரிகனோ இல்லையா? இரண்டு கற்பூரவல்லி இலையைக் கிள்ளிப் போடுங்கள், வாசம் கிட்டத்தட்ட வந்துவிடும். தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு உள்வரை வேகவிடுங்கள். கூடவே வெள்ளரித் தயிர்ப் பச்சடி, அவித்த கொண்டைக்கடலை, கொஞ்சமாகச் சோறு. ஆலிவ் எண்ணெய்க்குக் கடன்பட வேண்டாம், கடலை எண்ணெய் போதும். வாரம் இரண்டு நாள் சாளை மீன் வாங்குங்கள், ஒமேகா-3 நம் கடற்கரையிலேயே கிடைக்கிறது. நெய்ச்சோறும் களறிக்கறியும் கல்யாண வீட்டோடு நிற்கட்டும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் உடற்பருமனும் சேர்ந்திருந்தால், எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது.

ஊசி போட்ட கோழியும் மற்ற கதைகளும்

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பிள்ளை இல்லை என்கிறார்கள். அந்தக் கோழி சீக்கிரம் வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட எந்தப் பண்ணையாளருக்குக் கட்டுபடியாகும்?

லேகியம் கெடுதல் செய்யாது என்பது இன்னொரு நம்பிக்கை. முகவரி இல்லாத சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன. தோழி சாப்பிட்டாள் என்று கருமுட்டை வளரும் மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்குகிறவர்களை என்ன சொல்வது? ஸ்கேன் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது. சினைப்பையில் கட்டி வரலாம், இரட்டைக் கரு தரிக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய கதை, குறை பெண்ணிடம்தான் என்பது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும்.

எந்தக் கணக்கு

கல்யாணமான வருடத்தை எண்ணாதீர்கள், சேர்ந்திருந்த மாதங்களை எண்ணுங்கள். சேர்ந்திருந்தது ஒரு வருடமானால் வாருங்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம். மாதவிலக்கு ஒழுங்காக வராவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். கணவருக்கு விந்தணுப் பரிசோதனை, உங்களுக்குத் தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன்.

கெஞ்சிக் கேட்கிறேன், போலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குங்கள், தினம் 400 மைக்ரோகிராம். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆகவே அவர் ஊருக்கு வர டிக்கெட் எடுக்கும் நாளிலேயே சிகரெட்டை விடச் சொல்லுங்கள். வந்த முதல் வாரத்திலேயே, விருந்தெல்லாம் தொடங்குமுன், இருவரும் சேர்ந்து வாருங்கள்.