பம்பரில் பெயின்ட் ஏன் உரிகிறது?

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் வீதியில் எதிரே பஸ் வந்தால் சிறிய வாகனம்தான் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். ஒதுங்கும்போது மண்மேட்டிலோ மதகுக் கல்லிலோ முதலில் உரசுவது பம்பர். தோட்டத்துப் பாதைகளில் தெறிக்கும் சரளைக் கற்களும் அதைத்தான் பதம் பார்க்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த வெகன் ஆரையும் விட்ஸையும் டிங்கர் பார்த்து, பெயின்ட் அடித்து ஓட்டியவர்கள் ஏராளம். அந்தப் பெயின்ட் கதவிலும் பொனட்டிலும் அசையாமல் நிற்க, பம்பரில் மட்டும் தோல் தோலாக உரிகிறது. ஒரே பாஸ், ஒரே பெயின்ட், ஒரே நாளில் அடித்ததுதான். வித்தியாசம் அடியில் இருக்கும் பொருளில் இருக்கிறது.

பம்பரைக் கழற்றி உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் சின்ன எழுத்துகள் தெரியும். ‘பிபி+ஈபிடிஎம்-டி10’ என்பதுபோல ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். பிபி என்றால் பொலிபுரோபிலீன். ஈபிடிஎம் என்பது ஒருவகை இறப்பர். அடி பட்டால் உடையாமல் வளைவதற்காகச் சேர்ப்பது. டி10 என்பது நூற்றுக்குப் பத்துப் பங்கு டால்க் தூள். இன்றைய வாகனப் பம்பர்களில் பெரும்பாலானவை இந்தக் கலவைதான். ஏபிஎஸ் என்றோ பிசி என்றோ போட்டிருந்தால் அது வேறு சாதி. இங்கே உள்ளூரில் அச்சு வைத்துச் செய்யும் ஃபைபர் பம்பர் இன்னொன்று. எழுத்தைப் பார்க்காமல் வேலையில் கை வைக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன்.

1954இல் இத்தாலியில் ஜூலியோ நத்தா ஒழுங்கான அமைப்புள்ள பொலிபுரோபிலீனை உருவாக்கினார். 1963இல் கார்ல் சீக்லருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இந்தப் பிளாஸ்டிக்கில் காபனும் ஐதரசனும் தவிர வேறொன்றும் இல்லை. பெயின்டின் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ள ஒட்சிசன் வேண்டும், அல்லது மின்னேற்றம் சற்று ஒருபக்கம் சாய்ந்த ஏதாவது ஒரு தொகுதி வேண்டும். பொலிபுரோபிலீனில் அந்தப் பிடியே கிடையாது. பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டால் கண்ணாலேயே காணலாம்: பரவாமல் திரண்டு நிற்கும். தண்ணீரை விரட்டுவது போலவே பெயின்டையும் அது தன்மேல் படிய விடுவதில்லை.

அப்படியானால் தொழிற்சாலையில் மட்டும் எப்படி ஒட்டியது? சில இடங்களில் பம்பரின் மேல் தீச்சுவாலையை ஒரு கணம் ஓட்டுகிறார்கள். மேற்பரப்பில் மட்டும் ஒட்சிசன் ஏறிக்கொள்கிறது. வேறு இடங்களில் குளோரின் ஏற்றிய பொலியோலிஃபின் கலந்த பிரைமரை அடிக்கிறார்கள். அதன் நீண்ட சங்கிலி பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ள, குளோரின் உள்ள பகுதி பெயின்டைப் பிடித்துக்கொள்கிறது. எந்த முறையானாலும், இந்த ஒட்டுறவு முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஒரு படையில்தான் இருக்கிறது.

பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டி ‘வெறும் பம்பர்’ ஆக்கிவிட்டுத்தான் புதிதாக அடிக்க வேண்டும் என்ற நம்பிக்கை தவறாகப் போவது இங்கேதான். சுரண்டும்போது அந்த மெல்லிய படையும் சேர்ந்து போய்விடுகிறது. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்டைவிட நல்ல அடித்தளம் எந்தக் கராஜிலும் கிடைக்காது. எது உறுதி, எது உறுதியில்லை என்று அறியப் பெயின்ட் ஆய்வுகூடங்களின் சோதனையையே செய்யலாம். பிளேடால் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பகுதி முழுவதும் போக வேண்டியது. வராவிட்டால் பளபளப்பு மங்கும் அளவுக்கு உரசினாலே போதும்.

போக வேண்டிய பெயின்டை எடுக்க இரும்புக்குப் பயன்படுத்தும் ரிமூவரைத் தடவுவது பெரும் பிழை. அந்த வகையில் பழைமையானது டைகுளோரோமெதேன். ஏபிஎஸ், பொலிகாபனேட் இரண்டையும் அது கரைத்து வெடிக்க வைத்துவிடும். பொலிபுரோபிலீன் கரையாது, ஆனால் அதிலுள்ள இறப்பர் இந்தத் திரவத்தையும் தின்னரையும் உறிஞ்சி ஊதும். மேலே பெயின்ட் அடித்த பிறகு அது மெல்ல வெளியேறுவதால் கொப்புளம் எழும். மனிதருக்கு அதைவிடக் கேடு. ஏறத்தாழ 40 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும் அந்தத் திரவத்தின் ஆவியைச் சுவாசித்தால் உடம்புக்குள் அது காபனோரொட்சைட்டாக மாறுகிறது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு இதை ரிமூவராக விற்பது 2019இல் தடை செய்யப்பட்டது.

சூடு உதவும், அளவோடு. பொலிபுரோபிலீன் உருகுவது 160 பாகை அளவில்; அதற்கு வெகு முன்பே பம்பர் குழைந்து வளையும். சூட்டுக்காற்றுத் துப்பாக்கியின் வாயிலோ 500 பாகைகூட வரும். கை தாங்கும் சூடு வரை காட்டி, இளகிய ஓரத்தில் பிளாஸ்டிக் பிளேடை நுழைத்துத் தள்ளினால் தளர்ந்த பெயின்ட் பட்டை பட்டையாக வரும். மிச்சத்துக்குச் சேண்ட் பேப்பர். மெஷினை வேகமாக ஓட்டினால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, பூனைமயிர் போல நூல் நூலாக எழும்பும். பிறகு எத்தனை தடவை தேய்த்தாலும் அது அடங்காமல் பெயின்டுக்கு மேலே தலைகாட்டும். தண்ணீர் விட்டு, 400ஆம் இலக்கத் தாளால் கையால் தேய்ப்பதே மேல். அந்தத் தண்ணீரைக் காணில் ஊற்ற வேண்டாம். இந்த மலைகளின் ஓடைகள் மகாவலியில் சேர்பவை. பெயின்ட் தூளும் பிளாஸ்டிக் தூளும் கூடவே போகும். வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கியதைக் குப்பையில் சேர்க்கலாம்.

பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடங்களுக்கு மட்டும் ஒட்டுப் பிரைமர் கட்டாயம். அதற்கு முன் சோப்புத் தண்ணீரால் கழுவி, முழுதாகக் காய வைக்க வேண்டும். தெல்தோட்டைப் பக்கம் பனி இறங்கும் பின்னேரங்களில் இது பொறுமையைச் சோதிக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தின்னர் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, அதில் நீர் படிந்து சிலவகைப் பெயின்ட் வெளிறிப்போகும். முற்பகல் வெயிலில் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. புட்டியைத் தடிப்பாக அப்புவதும் ஆகாது. பம்பர் வளையும், புட்டி வளையாது.

கடைசியாக அடிக்கும் இருகலவைப் பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்பவருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும் பொருள் அது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறடிக்கும். மூக்கில் கட்டும் லேஞ்சியும் சாதாரணத் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்கா. தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடியை அணிகிறார்கள். அது கிடைக்காத கராஜில் குறைந்தது முகத்தோடு இறுகப் பொருந்தும் கரி வடிகட்டி முகமூடியாவது வேண்டும். வடிகட்டியைக் காலம் தவறாமல் மாற்றவும் வேண்டும். அந்தச் செலவை பாஸின் தலையில் போடாமல் பெயின்ட் கூலியோடு சேர்த்து வாகனக்காரர் கொடுப்பதே நியாயம்.