இருந்த இடத்திலேயே திருத்தம்

பேரேட்டில் பிழை நேர்ந்தால் பழைய எண்ணின்மேல் ஒரே கோடிட்டு, சரியானதை எழுதிச் சுருக்கொப்பமிடுவது நம் வழக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பேரேடு திரைக்கு வந்துகொண்டிருக்கிறது. திரையில் ஒரு கட்டத்தைச் சொடுக்கி, வேறு படிவம் திறவாமலே அங்கேயே திருத்தும் வசதியைப் பலரும் விரும்புகின்றனர். வேலை விரைவுதான், கை தவறினாலும் விரைவுதான்!

திண்டிவனத்தருகே ஒரு சங்கத்தில், மணிலா பயிரிடும் அங்கத்தினரின் 2.40 ஏக்கர் 0.24 ஆகியிருந்தது. பயிர்க்கடன் ஏக்கர்க் கணக்கில் அளிக்கப்படுவதால் கடனும் சுருங்கிற்று. மாற்றியவர் யார், என்று மாற்றினார் என்பதற்குச் சுவடேயில்லை.

ஆகவே பழைய எண், புதிய எண், மாற்றியவர், நேரம் ஆகியவை தாமே பதிவாகும் ஏற்பாடின்றி இவ்வசதி கூடாது. முகவரியின் எழுத்துப்பிழையை எழுத்தரே திருத்தலாம். நிலப்பரப்புக்கும் கடனுக்கும் செயலாளரின் ஒப்புதலும் வேண்டும். அங்கத்தினர்கள் கடன் மனு அளிக்கும்போது தம் பதிவைத் திரையில் காட்டச் சொல்லிப் பட்டாவுடன் ஒப்புநோக்குவார்களாக.