பரணில் ஓர் ஏரியல்

"தெரியறதா, பாட்டி?"

"இல்லைடா கண்ணா! இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!"

1975 ஆகஸ்ட் 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் ஆரம்பமான பிறகு, மொட்டை மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே இந்தச் சம்பாஷணையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் சென்ற ஆண்டு நான் இதைக் கேட்டது சென்னையில் அல்ல. அமெரிக்காவில், நியூஜெர்ஸி மாகாணத்து எடிசன் நகரில், என் அக்கா வீட்டில். கேள்வி கேட்டவன் அக்காவின் பிள்ளை. அவன் நின்ற இடம் மாடியல்ல, பரண்.

"கேபிளும் இண்டர்நெட்டும் இருக்கிற வீட்டில் ஏரியல் எதற்கு அக்கா?" என்றேன்.

"2012-லே நீ இங்கே இருந்திருந்தால் கேட்க மாட்டாய்" என்று அவள் அந்தக் கதையைச் சொன்னாள்.

அந்த வருஷம் அக்டோபர் 29-ந் தேதி 'ஸாண்டி' புயல் நியூஜெர்ஸிக் கரையில் ஏறியது. அக்கா வீட்டில் நாலு நாள் மின்சாரம் இல்லை. ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. கேபிள் மட்டும் வரவில்லை. செல்போனும் விட்டு விட்டுத்தான் பேசிற்று. கைக்குழந்தைக்கு ஜுரம், காரில் பெட்ரோல் இல்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் கியூவில் காத்திருந்தாள். முறை வந்ததும், "இன்று இரட்டைப்படைத் தேதி, உங்கள் வண்டி ஒற்றைப்படை நம்பர். நாளை வாருங்கள்" என்று திருப்பி விட்டார்கள்! நவம்பர் 3 முதல் அந்தப் பகுதியில் அப்படி ஒரு பெட்ரோல் உத்தரவு. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அவளுக்குத் தெரியவில்லை.

"செய்தி ஆகாயத்தில் வந்துகொண்டேதான் இருந்ததடி. பெட்டியும் வீட்டில் இருந்தது. பிடித்துத் தர ஒரு கம்பிதான் இல்லை" என்றாள். அப்புறமும் அத்திம்பேர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே வருஷங்களை ஓட்டிவிட்டார் என்பது வேறு கதை.

கூரையா, பரணா?

அந்த ஊர் வீடுகளுக்கு மொட்டை மாடி கிடையாது. சரிவான கூரை, அதற்கு அடியில் முக்கோணமாக ஒரு பெரிய பரண். ஏரியலுக்கு உத்தமமான இடம் கூரையின் உச்சிதான். 'வீட்டின் அழகு கெடுகிறது' என்று குடியிருப்புச் சங்கத்தார் தடுப்பதற்கும் 1996-ம் வருஷத்திலிருந்து சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் அத்திம்பேரை அந்தச் சரிவில் ஏற்ற அக்காவுக்குத் துணிவு வரவில்லை. பரணில் வைத்தால் காற்றும் பனியும் ஏரியலைத் தொடா. ஏணி போட்டு உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டாம். பதிலுக்கு, அலையின் பலத்தில் ஒரு பங்கைக் கூரை தின்றுவிடும். மரப் பலகையும் தார் ஓடும் கொண்ட கூரையானால் பாதகமில்லை. உலோகத் தகட்டுக் கூரையோ, உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய கூரையோ ஆனால் பரணை மறந்துவிட வேண்டியதுதான்.

அட்டைப் பெட்டியை நம்பாதீர்கள்!

கடையில், '100 மைல் பிடிக்கும்', '150 மைல் பிடிக்கும்' என்று பெட்டிக்குப் பெட்டி பெருமை. பூமி உருண்டையாக இருக்கும் வரையில் 60, 70 மைலுக்கு மேல் நிச்சயமாக எதையும் சொல்வதற்கில்லை. வாங்குவதற்கு முன் தெரிய வேண்டியது, நிலையங்கள் எந்தத் திசையில், எத்தனை தூரத்தில் இருக்கின்றன என்பதே. வீட்டு விலாசத்தைக் கொடுத்தால், மத்திய தகவல் தொடர்புக் கமிஷனின் இண்டர்நெட் படம் அதைக் காட்டிவிடுகிறது. எம்பயர் ஸ்டேட் கட்டடமும் புதிய உலக வர்த்தக மையமும் எடிசனிலிருந்து வடகிழக்கே 30 மைலுக்குள். நியூயார்க் நிலையங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஒளிபரப்புகின்றன.

அக்கா முதலில் வாங்கியது ஜன்னலில் ஒட்டும் தாள் மாதிரி ஒன்று. பல நிலையங்கள் தெரிந்தன. 7-ம் 13-ம் வரவில்லை. காரணம் இதுதான்: அவை வி.ஹெச்.எப். அலைகளில் வருபவை. அவற்றைப் பிடிக்க ஏறக்குறைய மூன்றடி நீளக் கோல் தேவை. மற்றவற்றுக்கு ஓரடிக் கோலே போதும். ஆகவே இரண்டு வகைக் கோலும் உள்ள 'யாகி' ஏரியல் வந்தது. 1926-ல் ஜப்பானிய விஞ்ஞானிகளான உடாவும் யாகியும் கண்ட அமைப்பு. நம் சென்னை மாடிகளில் மீன் முள் மாதிரி நின்றதே, அதே ஜாதிதான்!

பரணில் ஏறும்போது

கோடையில் அந்தப் பரண் அடுப்பு மாதிரி. காலை வேளையே நல்லது. கண்ணாடிப் பஞ்சு பரப்பியிருப்பதால் கையுறையும் முகமூடியும் அவசியம். விட்டத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும். நடுவில் இருப்பது வெறும் ஜிப்ஸம் அட்டை. மிதித்தால் நேரே படுக்கை அறைக்கு வந்து சேரலாம்! ஏர்கண்டிஷன் குழாய், மின்கம்பி இவற்றிலிருந்து ஏரியல் சில அடி தள்ளியே இருக்கட்டும். ஒரே பெட்டிக்கு ஒரே கம்பியாக இழுப்பது நல்லது. கம்பியை இரண்டாகப் பிரித்தால் பலமும் பாதியாகிவிடும். பலம் கூட்டும் கருவியை எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். நிலையம் அருகில் இருந்தால் அதுவே படத்தைக் கெடுப்பதும் உண்டு.

அம்மாவின் சென்னை அனுபவம் இங்கே கொஞ்சம் தடுமாறியது. அந்த நாளில் ஏரியலைத் திருப்பத் திருப்பப் பொரி குறைந்து படம் தெளியும். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-ந் தேதியோடு பழைய முறையை விட்டு டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. இப்போது வந்தால் முழுப் படம். இல்லாவிட்டால் துண்டு துண்டாகச் சிதறி நின்றுவிடும். "ஒரு சாண் நகர்த்து, பத்து எண்ணு, அப்புறம் கேள்" என்று அத்திம்பேர் புது விதி போட்டார். கடைசியில் பரணின் மறு கோடிக்குக் கொண்டுபோய், பெட்டியை மறுபடி நிலையங்களைத் தேடச் சொன்னதும் 7 வந்தது, 13-ம் வந்தது.

"வந்துடுத்துடா!" என்று அம்மா போட்ட கூச்சல் எடிசன் முழுவதும் கேட்டிருக்கும்.

பரணிலிருந்து தூசியும் தும்மலுமாக இறங்கி வந்தான் பிள்ளை. அன்று பெட்ரோல் கியூவில் ஜுரத்தோடு மடியில் கிடந்த கைக்குழந்தை இவன்தான். அக்கா ஒன்றும் பேசவில்லை. கேபிள் கம்பியைப் பிடுங்கிவிட்டு டெலிவிஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வானிலைச் செய்தி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரமே போய்விடும் நாளுக்காக, பாட்டரியில் ஓடும் சிறிய பெட்டி ஒன்றையும் மறுநாளே வாங்கி வைத்தாள்.

கேபிளையும் இண்டர்நெட்டையும் விட்டுவிட்டார்களா என்று கேட்கிறீர்களா? அது எப்படி முடியும்? புயல் செய்திக்குப் பரண் போதும். அம்மாவின் தமிழ் சீரியல் அதில் வராதே!