காரை ரோலர் மேல ஓட்டினா பவர் ஏறுமா? டைனோ டியூனிங்கில் உண்மையில் நடப்பது என்ன?

"அண்ணே, ரீமேப் போட்டா எத்தனை ஹெச்.பி. ஏறும்?"

மதுரை ஆனையூர் பக்கம் ஏதாவது ஒர்க்‌ஷாப் வாசலில் அரை மணி நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். "இருபது ஏறும் தம்பி" என்று பதிலும் வந்துவிடும். ஆனால், "அதை எதை வச்சுண்ணே அளந்தீங்க?" என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அளப்பதற்கென்றே ஒரு மெஷின் இருக்கிறது. அதன் பெயர் சேசிஸ் டைனமோமீட்டர், சுருக்கமாக டைனோ. தரையில் பதித்த ரோலர் மேல் காரின் சக்கரத்தை ஏற்றி, கார் நின்ற இடத்திலேயே நிற்க, இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: டைனோ பவரைக் கூட்டாது. இருக்கும் பவரைக் காட்டும். கூட்டுவது டியூனர் வேலை. அவர் செய்தது சரியா, தப்பா என்று சாட்சி சொல்வதுதான் டைனோவின் வேலை.

எப்படி அளக்கிறது?

டைனோவில் பொதுவாக இரண்டு வகை. முதல் வகையில் கனமான ரோலர் மட்டும் இருக்கும். அதன் எடையும் அளவும் தெரியும் என்பதால், அது எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பதை வைத்து சக்கரத்தில் வந்து சேரும் பவரைக் கணக்கிடலாம். இரண்டாவது வகையில் ரோலரோடு மின்காந்த பிரேக்கும் இருக்கும். நீங்கள் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தாலும், "3,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டாதே" என்று அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிஜமான டியூனிங்குக்கு இந்த இரண்டாவது வகைதான் கைகொடுக்கும். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

இதில் இருக்கும் கணக்கு ஒன்றுதான். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால், கார் கம்பெனிகள் விளம்பரத்தில் போடும் பி.எஸ். கிடைக்கும். 6,000 ஆர்.பி.எம்.மில் 110 நியூட்டன் மீட்டர் டார்க் என்றால் 94 பி.எஸ்.

ஒரு குழப்பம் இங்கே சகஜம். கம்பெனி சொல்வது இன்ஜினில் அளந்த பவர். டைனோ காட்டுவது கியர்பாக்ஸ், ஆக்ஸில், டயர் எல்லாம் தாண்டி சக்கரத்துக்கு வந்த பவர். வழியில் சுமாராக 10 முதல் 20 சதவீதம் வரை போய்விடும். 90 பி.எஸ். காரில் 77 என்று காட்டினால் பதற வேண்டாம். இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது.

இது யாருக்குக் கட்டாயம் தேவை?

ஷோரூமில் வாங்கிய காருக்கு இல்லை. அதன் இன்ஜினை கம்பெனிக்காரர்களே வருடக்கணக்கில் டைனோவில் ஓட்டித்தான் அனுப்புகிறார்கள். டைனோ இல்லாமல் முடியாது என்ற நிலை, தானே கட்டிய காருக்குத்தான் வரும்.

இங்கிலாந்தில் கிட் கார் என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. பாகங்களைப் பெட்டியில் வாங்கி வீட்டு ஷெட்டில் கார் கட்டுவார்கள். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் மாடலை 1973-லிருந்து கேட்டர்ஹாம் கம்பெனி தயாரிக்கிறது. இன்றும் அதை கிட்டாக வாங்கலாம். கட்டி முடித்த காரை அங்கே தனிக் கார் என்ற முறையிலேயே சோதித்து, ரோட்டில் ஓட்ட அனுமதி தருவார்கள்.

நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வரும் கதை கோவையில் இருக்கிறது. 1980-களின் கடைசியில் எஸ்.கரிவரதன், மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து, செலவு குறைந்த ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பந்தயத்தில் தொடங்கியவர்தான் பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள ரேஸ் டிராக் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அதே கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி பல ஆண்டுகளாக நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, வெல்டிங் வைத்துக் கட்டிய காரோடு வருவார்கள். பல அணிகள் கே.டி.எம். 390 பைக்கின் 373 சிசி இன்ஜினைப் பொருத்துகின்றன. ஆனால் விதிப்படி இன்ஜினுக்குள் போகும் மொத்தக் காற்றும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி! பைக்கோடு வந்த ஈ.சி.யு.வின் கணக்கு இங்கே செல்லாது. புது ஈ.சி.யு. வைத்து, முதலிலிருந்து டியூன் செய்ய வேண்டும்.

டைனோ மேல் ஏறியதும் என்ன செய்வார்கள்?

முதலில் செக்கிங்: கூலன்ட், ஆயில், பிளக், டயர், பெட்ரோல் லீக். பிறகு காரை பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். ரேடியேட்டர் முன்னால் பெரிய ஃபேன். சைலன்சருக்குள் ஒரு ஆக்ஸிஜன் சென்சார்.

ஈ.சி.யு.வுக்குள் இருப்பது எக்செல் ஷீட் மாதிரி ஒரு டேபிள். ஒரு பக்கம் ஆர்.பி.எம்., இன்னொரு பக்கம் இன்ஜின் மேல் உள்ள லோடு. 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெட்ரோல் என்று எழுத வேண்டும். எப்போது ஸ்பார்க் என்று சொல்ல இதே மாதிரி இன்னொரு டேபிள்.

பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் தேவை. முழு ஆக்ஸிலேட்டரில் இதை 12.5 – 13 அளவுக்கு இறக்குவார்கள். கூடுதல் பெட்ரோல் பவரும் தரும், சூட்டையும் தணிக்கும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறி, நாக்கிங் வந்து, பிஸ்டனே உருகலாம். அது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியாது. சென்சாருக்குத் தெரியும்.

அடுத்து ஸ்பார்க். அதை ஒவ்வொரு டிகிரியாக முன்னால் நகர்த்த நகர்த்த டார்க் ஏறும். ஒரு இடத்தில் ஏறுவது நின்றுவிடும். அதற்கு மேல் நகர்த்தினால் லாபம் இல்லை, ஆபத்துதான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இன்ஜினை ஒரே ஆர்.பி.எம்.மில் பிடித்து நிறுத்தியாக வேண்டும். பிரேக் உள்ள டைனோ தேவைப்படுவது இதற்குத்தான். அலங்காநல்லூர் ரோட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

ஃபார்முலா பாரத்தில் சுமார் 22 கி.மீ. ஓடும் சுற்று ஒன்று உண்டு. பாதியில் இன்ஜினை அணைத்து, டிரைவர் மாறி, கொதிக்கிற இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அங்கே ஸ்டார்ட் ஆகாவிட்டால், மாதக்கணக்கில் தூங்காமல் கட்டிய கார் அதே இடத்தில் நின்றுவிடும். பெட்ரோல் சிக்கனத்துக்கும் மார்க் உண்டு. அதனால் 'அதிக பவர்' மட்டும் நல்ல டியூனிங் ஆகிவிடாது. சூட்டிலும் ஸ்டார்ட் ஆக வேண்டும், கடைசி வரை ஓட வேண்டும்.

மதுரை வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். காற்று குறைந்தால் பவரும் குறையும். மே மாத மதியம் எடுத்த ரிசல்ட்டையும் டிசம்பர் காலையில் எடுத்ததையும் அப்படியே ஒப்பிட முடியாது. அதற்காகத்தான் எஸ்.ஏ.இ. ஜே1349 போன்ற தரக்கணக்குகள், முடிவை 25 டிகிரி வெப்பநிலைக்கு மாற்றிக் காட்டுகின்றன.

தில்லுமுல்லுக்கு வழி இருப்பதும் இங்கேதான். டைனோவின் வெப்பநிலை சென்சாரை சூடான ரேடியேட்டர் பக்கம் வைத்தால் போதும். 'இவ்வளவு வெயிலா!' என்று கணக்கு தானாக பி.எஸ்.ஸைக் கூட்டிக் காட்டும். இன்ஜினில் எதுவும் மாறியிருக்காது.

சரி, என் காருக்கு ரீமேப் செய்யலாமா?

டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார் என்றால், மென்பொருளை மட்டும் மாற்றிக் கிடைப்பது சில பி.எஸ்.தான். டர்போ காரில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் கூடுதல் டார்க்கை கிளட்ச்சும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டும். வாரன்ட்டி போகும் வாய்ப்பும் உண்டு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த ஒரிஜினல் அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் கார் வேறு, ஆபீஸுக்கு ஓட்டும் கார் வேறு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. டியூனிங்குக்கு முன், பின் என இரண்டு கிராஃபும் தருவீர்களா? இரண்டும் ஒரே டைனோவில், ஒரே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும்.
2. கிராஃபில் காற்று-பெட்ரோல் அளவும் இருக்குமா? பவர் கோடு மட்டும் இருந்தால் பாதிக் கதைதான்.
3. எந்தத் தரக்கணக்கு? வெப்பநிலை சென்சார் எங்கே இருக்கிறது?
4. எந்தப் பெட்ரோலுக்கு டியூன் செய்கிறீர்கள்? ஆனையூர் பங்கில் கிடைக்கும் இ20-க்கா, விலை உயர்ந்த ஹை ஆக்டேனுக்கா?
5. பழைய ஒரிஜினல் ஃபைலின் காப்பியை என்னிடம் தருவீர்களா?

கோவை, சென்னை, பெங்களூரில் சேசிஸ் டைனோக்கள் இருக்கின்றன. கார் கட்டும் மாணவர்கள் ட்ரெய்லரில் ஏற்றியாவது அங்கே போய்ச் சேர்கிறார்கள், ஏனென்றால் அளக்காமல் டிராக்கில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை "இருபது ஏறும் தம்பி" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். "கிராஃப் காட்டுங்கண்ணே" என்று மட்டும் கேளுங்கள்.